பாக்கி எத்தனை? ஜார்ஜியா மாநிலத்தின் தேர்தல் முடிவுச் சேவை: திருப்பூரிலிருந்து ஒரு மதிப்புரை

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை பார்ப்பவன் நான். அமெரிக்காவின் தெற்கே உள்ள ஒரு மாநிலம் தன் வாக்காளர்களுக்காக நடத்தும் சேவைக்கு இங்கிருந்து மதிப்புரை எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அந்நாட்டின் அதிபர் யார் என்பதைப் பொறுத்து எங்கள் ஊரில் ஆர்டரும் ஓவர்டைமும் கூடிக் குறைவதை ஒவ்வொரு பனியன் கம்பெனிக்காரரும் அறிவார். அத்துடன் என் அக்கா மகன் அட்லாண்டாவுக்கு வடகிழக்கே க்வினெட் கவுண்டியில் குடியிருக்கிறான். ஆகவே 2020 நவம்பரில் தொடங்கி ஏறத்தாழ ஐந்து வாரங்களும், பிறகு 2024 நவம்பரில் ஒரு பகல் முழுவதும், ஜார்ஜியாவின் தேர்தல் முடிவுப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பழக்கத்தின் பலன்தான் இது.

முதலில் சேவையை நடத்துபவர் யார் என்று சொல்ல வேண்டும். நம் நாட்டில் இருப்பதுபோல நாடு முழுவதற்கும் வாக்கெடுப்பு நடத்தும் ஒரே தேர்தல் ஆணையம் அங்கு இல்லை. அதிபர் தேர்தலையும் மாநிலங்களே நடத்துகின்றன. ஜார்ஜியாவில் அதற்குப் பொறுப்பு மாநிலச் செயலாளர். அந்தப் பதவியில் இருப்பவர் நியமிக்கப்பட்ட அதிகாரி அல்லர், கட்சி சார்பில் நின்று வென்று வந்தவர். 2020இல் அது குடியரசுக் கட்சியைச் சேர்ந்த பிராட் ராஃபென்ஸ்பெர்கர். உண்மையில் வாக்குகளை எண்ணுவதோ கவுண்டிகள். கவுண்டி என்பதை நம் மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் அளவில் தாலுகாவுக்கு நெருக்கமானது: தமிழ்நாட்டில் மாவட்டங்கள் 38, பரப்பில் தமிழ்நாட்டைவிடச் சற்றுப் பெரிதாகவும் மக்கள்தொகையில் ஒரு கோடியைச் சற்றே தாண்டியும் இருக்கும் ஜார்ஜியாவில் கவுண்டிகள் 159. அந்த 159 இடங்களிலிருந்து வரும் எண்களைக் கூட்டி ஒரே பக்கத்தில் காட்டுவதுதான் நான் பயன்படுத்திய சேவை. கட்டணமில்லை, பதிவு செய்ய வேண்டியதில்லை, விளம்பரங்களும் இல்லை.

அங்கு இரவு 7 மணிக்கு வாக்குப்பதிவு முடியும்போது நமக்கு மறுநாள் காலை 5.30. 2020 நவம்பர் 4, புதன்கிழமை, பால்காரர் வரும் நேரத்தில் முதல் எண்கள் வரத் தொடங்கின. பக்கத்தின் அமைப்பைக் குறை சொல்ல முடியாது. மாநில வரைபடத்தில் ஒரு கவுண்டியைத் தொட்டால் அதன் கணக்குத் தனியே விரிந்தது. தேர்தல் நாளன்று நேரில் போட்டவை, முன்கூட்டியே நேரில் போட்டவை, அஞ்சலில் வந்தவை, தகுதியைச் சரிபார்த்த பிறகே எண்ணப்படும் தற்காலிக வாக்குகள் என்று வகைவாரியாகவும் எண்கள் பிரித்துக் காட்டப்பட்டன. அன்று காலையில் டொனால்ட் டிரம்ப் லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் முன்னிலையில் இருந்தார். 2016இல் அதே மாநிலத்தில் அவர் 2,11,141 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றவர். 1992இல் பில் கிளின்டன் வென்றதற்குப் பிறகு ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் எவரும் அங்கு வென்றதில்லை. எனவே விஷயம் முடிந்தது என்று எண்ணி நானும் கம்பெனிக்குப் புறப்பட்டேன். மதிய உணவு வேளையில் அக்கா மகன் பேசினான். “ஏனுங் மாமா, இன்னும் எத்தனை ஓட்டு பாக்கின்னு அதுல எங்கீங்க போட்டிருக்குது?” என்று கேட்டான். தேடிப் பார்த்தேன், அப்படி ஒரு கட்டம் அந்த அட்டவணையில் இல்லை.

என் தொழிலில் இதற்கு மன்னிப்பே கிடையாது. கன்டெய்னர் ஏற்றும் நாளில் பேக்கிங் லிஸ்டில் எத்தனை கார்ட்டன் ஏறியது என்பது மட்டும் எழுதியிருந்தால் அதை யாரும் கையில் வாங்க மாட்டார்கள். ஆர்டர் எத்தனை, ஏறியது எத்தனை, தரையில் நிற்பது எத்தனை என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அது கணக்கு. நடுவில் உள்ள ஓர் எண்ணை மட்டும் நிமிடத்துக்கு நிமிடம் புதுப்பித்துக் காட்டுவதை வேகம் என்று சொல்லலாம், கணக்கு என்று சொல்ல முடியாது. 2020இல் ஜார்ஜியாவின் முடிவுப் பக்கம் செய்தது அதைத்தான்.

பாக்கி எத்தனை என்பது அந்த ஆண்டு வேறெந்த ஆண்டையும்விட முக்கியமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. கொரோனா காலம் என்பதால் ஏறத்தாழ 13 லட்சம் பேர் அஞ்சல் வழியே வாக்களித்தனர். சுமார் 27 லட்சம் பேர் முன்கூட்டியே நேரில் சென்று போட்டுவிட்டனர். தேர்தல் நாளன்று வரிசையில் நின்றவர்கள் ஏறக்குறைய 10 லட்சம்தான். அஞ்சல் உறைகளை முன்னதாகவே பிரித்து வைக்கலாம், ஆனால் கூட்டுத்தொகை எடுப்பதை வாக்குப்பதிவு முடிந்த பிறகே செய்ய வேண்டும் என்பது விதி. அஞ்சல் வாக்கை நம்பாதீர்கள் என்று டிரம்ப் மாதக்கணக்கில் பேசி வந்ததால் அவருடைய ஆதரவாளர்கள் பெரும்பாலும் நேரில் போட்டனர், ஜோ பைடனின் ஆதரவாளர்கள் உறையில் போட்டனர். சிறிய கிராமப்புறக் கவுண்டிகள் இரவோடு இரவாக முடித்துவிட, மலைபோல உறைகள் குவிந்திருந்த அட்லாண்டாச் சுற்றுவட்டாரம் பின்தங்கியது. ஃபுல்டன் கவுண்டி தன் அஞ்சல் வாக்குகளை எண்ணிய ஸ்டேட் ஃபார்ம் அரங்கில் தேர்தல் நாள் அதிகாலையில் கழிப்பறைத் தண்ணீர் கசிந்து வேலை சில மணி நேரம் தாமதமானதும் சேர்ந்துகொண்டது. இந்த வரிசையை முன்பே அறிந்தவருக்கு முன்னிலை கரைந்தது வியப்பளித்திருக்காது. பக்கத்தை மட்டும் பார்த்தவருக்கோ, வென்றவரின் வாக்குகளை யாரோ இரவில் குறைத்துக்கொண்டே போவதாகத் தோன்றியிருக்கும். பிற்பாடு கிளம்பிய அத்தனை வதந்திகளுக்கும் இந்தக் காட்சியே ஊற்றுக்கண் என்பது என் எண்ணம்.

அதே மாநிலச் செயலாளர் அலுவலகம் வேறொரு கோப்பையும் இலவசமாகத் தருகிறது என்பதைப் பிறகுதான் கண்டுபிடித்தேன். யார் யாருக்கு அஞ்சல் வாக்குச்சீட்டு அனுப்பப்பட்டது, எது திரும்பி வந்து ஏற்கப்பட்டது, எது நிராகரிக்கப்பட்டது என்ற விவரம் கவுண்டிவாரியாக அதில் இருக்கிறது. அதை எக்செல்லில் போட்டு, ஏற்கப்பட்டதிலிருந்து எண்ணப்பட்டதைக் கழித்தால் நான் தேடிய பாக்கி தோராயமாகக் கிடைத்துவிடுகிறது. புதன் இரவு முழுவதும் அதைத்தான் செய்தேன். இரண்டு ஏடுகளும் ஒரே அலுவலகத்தில் இருந்தும் ஒன்றை மற்றொன்றுடன் சேர்த்து ஒரு வரி எழுத யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. அந்த வேலையை வாயால் செய்தவர் கேப்ரியல் ஸ்டெர்லிங். அந்த அலுவலகத்தில் புதிய வாக்குப்பதிவு முறையை நடைமுறைப்படுத்தும் பொறுப்பில் இருந்த அவர், தினமும் செய்தியாளர்கள் முன் நின்று எந்தக் கவுண்டியில் எத்தனை மிச்சம் என்று படித்துக் காட்டினார். வியாழக்கிழமை காலை சுமார் 61,000 என்றும், வெள்ளிக்கிழமை காலை 4,169 என்றும் அவ்வலுவலகம் அறிவித்த எண்களை நான் என் தாளில் குறித்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை அங்கு விடிவதற்கு முன், நமக்குப் பிற்பகல் 3 மணி சுமாருக்கு, கிளேட்டன் கவுண்டியின் உறைகள் எண்ணப்பட்டு ஏறியபோது பைடன் ஆயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் முந்தினார். என் தாளில் இருந்த பாக்கியை வைத்து அதை முதல் நாளே ஊகித்திருந்தேன் என்பதை இங்கே சற்றுப் பெருமையுடன் பதிவு செய்கிறேன்.

முடிவுப் பக்கத்துக்கு மட்டும் மதிப்பெண் போடச் சொன்னால் 2020க்கு ஐந்தில் இரண்டரைதான் தருவேன். அதன் பின்னால் நடந்த எண்ணிக்கைக்கு நாலரை.

அந்த நாலரைக்கான காரணம் காகிதம். 2002இலிருந்து ஜார்ஜியா மாநிலம் முழுவதும் காகிதமே இல்லாத தொடுதிரை இயந்திரங்களில் வாக்களித்து வந்தது. அவற்றை 2019க்குப் பிறகு பயன்படுத்தக் கூடாது என்று கூட்டாட்சி நீதிபதி ஏமி டோட்டன்பெர்க் உத்தரவிட்டார். அவற்றுக்குப் பதிலாக 2020இல் வந்த டொமினியன் நிறுவனத்தின் இயந்திரத்தில் திரையைத் தொட்டுத் தேர்ந்தெடுத்த பின் ஒரு தாள் அச்சாகி வரும். வாக்காளர் அதைப் படித்துப் பார்த்து ஸ்கேனரில் இட வேண்டும். அஞ்சலில் வந்த சீட்டுகளும் சேர்ந்து இப்படி ஏறத்தாழ 50 லட்சம் தாள்கள் பெட்டிகளில் இருந்ததால்தான் அவற்றைக் கையால் எண்ணிப் பார்க்க முடிந்தது. சட்டப்படி தேவைப்பட்டது ஒரு மாதிரித் தணிக்கைதான். ஆனால் வித்தியாசம் மிகக் குறைவாக இருந்ததால் எல்லாத் தாள்களையும் எண்ணிவிடுவது என்று ராஃபென்ஸ்பெர்கர் முடிவு செய்தார். நவம்பர் 13 அன்று அது தொடங்கியது. மறுநாள் நமக்குத் தீபாவளி. போனஸ் கணக்கை முடித்து வீட்டுக்கு வந்து, முறுக்குத் தட்டுடன் அமர்ந்து, மேசைக்கு இருவராக ஊழியர்கள் ஒவ்வொரு தாளையும் உரக்கப் படித்து வேட்பாளர் வாரியாக அடுக்குவதைக் காணொளியில் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் கம்பெனியில் ஆண்டு முடிவில் இருப்பு எடுப்பது இதே முறையில்தான் நடக்கும்; ஒருவர் சொல்ல மற்றொருவர் எழுத வேண்டும், இருவரும் ஒப்பமிட வேண்டும்.

கையெண்ணிக்கை நவம்பர் 19 அன்று முடிந்தபோது பைடனின் முன்னிலை 12,284. மறுநாள் சான்றளிக்கப்பட்ட இயந்திரக் கணக்கில் 12,670. வித்தியாசம் அரை சதவீதத்துக்குள் இருந்ததால் டிரம்ப் தரப்பு கேட்டுக்கொண்டபடி மீண்டும் ஒருமுறை ஸ்கேனரில் எண்ணி, டிசம்பர் 7 அன்று இறுதிச் சான்று தரப்பட்டது: பைடன் 24,73,633, டிரம்ப் 24,61,854, வித்தியாசம் 11,779. மூன்று முறை எண்ணியும் வென்றவர் மாறவில்லை என்பதைப் பலரும் எழுதிவிட்டார்கள். எனக்குச் சுவையாகப் பட்டது வேறு. ஃபிளாய்ட் கவுண்டியில் ஏறத்தாழ 2,600 தாள்கள் ஸ்கேன் செய்யப்படாமலே கிடந்ததும், ஃபயெட் கவுண்டியில் 2,755, டக்ளஸில் 293, வால்டனில் 284 வாக்குகள் கொண்ட மெமரி கார்டுகள் கணக்கில் ஏற்றப்படாமல் விடப்பட்டதும் இந்தக் கையெண்ணிக்கையில்தான் வெளிவந்தன. அவற்றில் பெரும்பகுதி டிரம்புக்கு விழுந்தவை. முதல் கணக்கைவிடப் பைடனின் முன்னிலை குறைந்ததற்கு அதுவே முதன்மைக் காரணம். பில்லை ஏட்டில் ஏற்ற மறந்துவிட்டு ஏடு டேலி ஆகிவிட்டது என்று சொல்வது போன்ற பிழை இது. சதி எதுவும் இல்லை, கவனக்குறைவுதான். ஆனால் தேர்தல் இரவன்றே ஒவ்வொரு கவுண்டியும் ‘மொத்தம் விழுந்தவை இத்தனை’ என்ற எண்ணை முடிவுப் பக்கத்தில் முதலில் எழுதிவிட்டு, அதன்பின் எண்ணியவற்றைக் கழித்துக்கொண்டே வந்திருந்தால், ஃபிளாய்டின் 2,600 இரண்டு வாரம் பெட்டியில் தூங்கியிருக்க வாய்ப்பே இல்லை. நான் கேட்கும் பாக்கிக் கட்டம் வேடிக்கை பார்ப்பவர்களின் வசதிக்காக மட்டுமல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நம் பக்கத்தோடு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. 2021 மே 2 அன்று கோவை தெற்குத் தொகுதி எண்ணிக்கையில் பல சுற்றுகளில் முன்னிலையில் இருந்த கமல்ஹாசன் கடைசியில் வானதி சீனிவாசனிடம் 1,728 வாக்குகளில் தோற்றார். அதே நாளில் மொடக்குறிச்சியில் சுப்புலட்சுமி ஜெகதீசன் தோற்றது வெறும் 281 வாக்குகளில். இரண்டு இடங்களிலும் வருத்தம் இருந்தது, ஆனால் இரவில் முன்னிலை மாறியதே மோசடிக்குச் சான்று என்று பேச இடமில்லாமல் போனது. ஏனென்றால் மொத்தச் சுற்று எத்தனை, முடிந்தது எத்தனை என்பது டீக்கடையில் நிற்பவருக்கும் தெரிந்திருந்தது. ‘இன்னும் நாலு சுற்று இருக்குதுங்க, பொறுங்க’ என்று சொல்லும் அந்த ஒரு வாக்கியம்தான் ஜார்ஜியாவின் பக்கத்தில் இல்லாமல் போனது. (மொடக்குறிச்சி என்றதும், 1996இல் விவசாயிகள் தங்கள் கோரிக்கையைக் கவனிக்க வைக்க 1,033 பேர் களத்தில் நின்று, வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சிட வைத்தது நினைவுக்கு வருகிறது. டொமினியன் இயந்திரம் அதைத் தாங்கியிருக்குமா என்பது ஐயமே.) அதற்காக நாம் நிறைவானவர்கள் என்று சொல்ல வரவில்லை. 2024 மக்களவைத் தேர்தலில் தொகுதிவாரியாக எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்ற முழு எண்ணைச் சதவீதத்துக்குப் பின்னால் பல நாள் மறைத்து வைத்திருந்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போன பிறகு, மே 25 அன்றுதான் முதல் ஐந்து கட்டங்களுக்கான எண்களை நம் தேர்தல் ஆணையம் வெளியிட்டது. அங்கு அட்டவணையில் விடுபட்டது எதுவோ அதே எண் இங்கு அறிவிப்பில் தாமதமானது.

ஊழியர்களைப் பற்றிச் சொல்லாமல் எந்தச் சேவையின் மதிப்புரையும் முழுமை பெறாது. அட்டவணையின் குறைக்கு அவர்கள் கொடுத்த விலை அதிகம். தேர்தல் ஊழியர்களுக்கு வந்த மிரட்டல்களைக் கண்டித்து ஸ்டெர்லிங் டிசம்பர் 1 அன்று, தன் சொந்தக் கட்சியின் அதிபரை நோக்கியே, இதை நிறுத்தாவிட்டால் யாரேனும் உயிரிழப்பார்கள் என்று வெளிப்படையாகப் பேசினார். ஃபுல்டன் கவுண்டியில் வாக்கெண்ணிய தாய், மகள் இருவர் மேல் சுமத்தப்பட்ட பழி பொய்யென்று விசாரணைகளில் தெளிவாகி, 2023 டிசம்பரில் அன்று டிரம்பின் வழக்கறிஞராக இருந்து அந்த மோசடிப் பழியைப் பரப்பிய ரூடி ஜூலியானி அவர்களுக்கு 14.8 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது. 2021 ஜனவரி 2 அன்று டிரம்ப் ராஃபென்ஸ்பெர்கரைத் தொலைபேசியில் அழைத்து 11,780 வாக்குகளைக் கண்டுபிடிக்கச் சொன்ன உரையாடல் ஊரறிந்தது. இறுதி வித்தியாசத்தைவிட ஒன்று கூடுதலாக இருக்கும் அந்த எண்ணைக் கேட்டபோது, ஏட்டில் கையெழுத்திட்ட பிறகு ‘ஒரு சின்ன மாற்றம்’ கேட்டு வரும் முதலாளி எதிரே நிற்கும் கணக்குப்பிள்ளையின் நிலை எனக்கு நன்றாகவே புரிந்தது. அவர் மறுத்துவிட்டார்.

2021 மார்ச்சில் ஜார்ஜியா சட்டமன்றம் எஸ்பி 202 என்ற சட்டத்தை இயற்றியது. அஞ்சல் வாக்குக்கு அடையாள எண் கட்டாயம், அஞ்சல் வாக்குகளை நேரில் கொண்டுவந்து இடும் பெட்டிகளின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு, வாக்குச்சாவடியிலிருந்து 150 அடிக்குள் வரிசையில் நிற்பவருக்கு வெளியாட்கள் தண்ணீர் கொடுத்தாலும் குற்றம் என்றெல்லாம் அதில் உண்டு. தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பதைக் குற்றமாக்கிய ஒரு சட்டத்தை, ஊரெங்கும் கோடையில் தண்ணீர்ப்பந்தல் வைக்கும் நம்மால் எப்படியும் ஏற்க முடியாது. ஆனால் அதே சட்டத்துக்குள் நான் கேட்ட கட்டமும் வந்துவிட்டது: தேர்தல் இரவு 10 மணிக்குள் ஒவ்வொரு கவுண்டியும் தேர்தல் நாள், முன்கூட்டிய வாக்கு, அஞ்சல் எனப் பிரித்து மொத்தம் விழுந்த வாக்குகளை அறிவிக்க வேண்டும், எண்ணிக்கையை மறுநாள் மாலை 5 மணிக்குள் முடிக்கவும் வேண்டும். தண்ணீரைப் பறித்த கையே கணக்கைக் கொடுத்தது என்று எண்ணிக்கொண்டேன்.

இதன் பலன் 2024இல் தெரிந்தது. அதற்குள் அக்கா மகன் குடியுரிமை பெற்றிருந்தான். அக்டோபர் 15 அன்று முன்கூட்டிய வாக்கு தொடங்கிய முதல் நாளிலேயே மாநிலம் முழுவதும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து போட்டதாகக் கேள்விப்பட்டு, கூட்டம் தணிந்த பிறகு போய் வந்தான். வாக்காளர் தன் விவரத்தைப் பார்க்கும் ‘மை வோட்டர் பேஜ்’ என்ற பக்கம் இந்தச் சேவையின் சிறந்த பகுதி என்பது அவனுடைய தீர்ப்பு: தன் சாவடி எது, மாதிரி வாக்குச்சீட்டு எப்படி இருக்கும், அஞ்சலில் அனுப்பியிருந்தால் அது வந்து சேர்ந்ததா என்பதெல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கிறது. அங்கிருக்கும் நம்மவர்களுக்கு ஒரு குறிப்பு மட்டும் சொல்லலாம். உள்ளே நுழைய முதல் பெயரின் முதலெழுத்து, கடைசிப் பெயர், கவுண்டி, பிறந்த தேதி ஆகியவற்றைக் கேட்பார்கள். தகப்பனார் பெயரை முதலெழுத்தாக எழுதி வளர்ந்த நாம் அங்கே எல்லாவற்றையும் தலைகீழாக, பாஸ்போர்ட்டில் உள்ளபடி இட வேண்டும். வாக்களித்தவருக்கு விரலில் மை கிடையாது, பீச் பழப் படம் போட்ட ஒரு ஸ்டிக்கர்தான். அதைக் குடும்ப வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தான். நூறு வயது நிறைந்த ஜிம்மி கார்ட்டரும் அதே மாதம், அதே மாநிலத்தில் அஞ்சல் வழியே வாக்களித்தார். நிலக்கடலை விவசாயியாக இருந்து அதிபரானவர் என்பதால் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு அவர்மேல் இன்றைக்கும் ஒரு வாஞ்சை உண்டு.

நவம்பர் 5 அன்று சில சாவடிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல்கள் வந்தன, எல்லாம் பொய். அதனால் சில இடங்களில் நேரம் நீட்டிக்கப்பட்டதைத் தவிர வேறு குழப்பம் இல்லை. நம் கணக்கில் புதன்கிழமை பகலிலேயே விஷயம் தெளிந்துவிட்டது. டிரம்ப் 26,63,117, கமலா ஹாரிஸ் 25,48,017, வித்தியாசம் 1,15,100. எக்செல்லைத் திறக்கும் தேவை எனக்கு ஏற்படவில்லை. 2020இல் எண்ணிக்கையைப் பற்றி நாள்தோறும் புகார் சொன்னவர்கள், அதே இயந்திரம் அதே மாநிலத்தில் எண்ணிய இந்த முடிவைப் பற்றி ஒரு கேள்வியும் எழுப்பவில்லை என்பதையும் குறித்து வைத்தேன். இந்த முறை பக்கத்துக்கு நான்கு மதிப்பெண்.

மிச்சமுள்ள ஒரு மதிப்பெண்ணை நான் பிடித்து வைத்திருப்பது க்யூஆர் குறிக்காக. இயந்திரம் அச்சிட்டுத் தரும் தாளில் வேட்பாளர் பெயர் எழுத்திலும் இருக்கும், பக்கத்தில் கட்டம் கட்டமாக ஒரு குறியும் இருக்கும். வாக்காளர் படிப்பது எழுத்தை, ஸ்கேனர் படிப்பது குறியை. 2020 கையெண்ணிக்கையில் ஊழியர்கள் எழுத்தைப் படித்து எண்ணியதால் இரண்டும் ஒத்துப்போவது அப்போது உறுதியானது. என்றாலும் தான் வாசிக்க முடியாத ஒன்றின் அடிப்படையில் தன் வாக்கு எண்ணப்படுவதை எந்த வாக்காளரும் விரும்ப மாட்டார். க்யூஆர் குறியை வைத்து வாக்குகளை எண்ணுவதை 2026 ஜூலை 1 முதல் தடை செய்து 2024இல் அம்மாநிலச் சட்டமன்றம் சட்டம் இயற்றியிருக்கிறது. அடுத்த அதிபர் தேர்தல் 2028 நவம்பர் 7, செவ்வாய்க்கிழமை. நமக்குப் புதன் காலை 5.30. அன்று அக்கா மகன் கையில் வரும் தாளில் எழுத்து மட்டும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அந்த ஒரு மதிப்பெண்ணைப் போடுகிறேன்.